மேசைக் கணக்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தென்கொரியாவின் சுவோனில் மூன்று வாரப் பயிற்சி, பகல் முழுக்க வகுப்பு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பொழுது உன் கையில் என்று எழுதியிருக்கிறாய். கூட வரும் இருவரும் குடிக்காதவர்கள். தனியாக ஒரு கொரியக் கடையில் போய் உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்தால் அசிங்கமாக இருக்குமா, உள்ளே விடுவார்களா, விட்டாலும் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களா என்பது உன் கேள்வி. அப்பாவிடம் கேட்க முடியாததை மாமனிடம் கேட்பது நம் வீட்டு வழக்கம்தானே, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போகலாம். ஆனால் அங்கே தனியாளுக்கு வரும் சங்கடத்தில் பெரும்பங்கு உன் முகத்தாலோ நிறத்தாலோ வருவதில்லை, ஒரு கணக்கால் வருகிறது. கொரியாவில் குடிக்கும் கடை தன் வியாபாரத்தை ஆளுக்கு இவ்வளவு என்று போடுவதில்லை. மேசைக்கு இவ்வளவு என்று போடுகிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் எந்தக் கடைக்குள் நுழைவது, என்ன வாங்குவது, எப்போது எழுந்திருப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

முதலில் சோஜு பாட்டிலைப் பார். பச்சைக் கண்ணாடி, 360 மில்லி. கூட வரும் குட்டிக் கிளாஸ் ஏறக்குறைய 50 மில்லி பிடிக்கும். ஊற்றினால் ஏழு கிளாஸ் வரும். இரண்டு பேர் ஆளுக்கு மூன்று குடித்தால் ஒன்று மிஞ்சும். மூன்று பேர் ஆளுக்கு இரண்டு குடித்தாலும் ஒன்று மிஞ்சும். நான்கு பேர் என்றால் ஒருவருக்கு ஒன்று குறையும். அடுத்த பாட்டிலைத் திறக்க வைக்கத்தான் இந்த அளவு என்று கொரியர்களே கேலி பேசுவார்கள். அது சூழ்ச்சியோ தற்செயலோ, கவனிக்க வேண்டியது வேறு: அந்தக் கேலியில்கூட ஒற்றை ஆள் இல்லை. சாதாரணக் கடையில் அரை பாட்டில் கிடையாது, பெக் கணக்கும் கிடையாது. அடுத்தது சாப்பாடு. குடியோடு சேர்த்து வாங்கும் பண்டத்தை அங்கே அன்ஜு என்பார்கள். நம்மூர் பாரில் வரும் சுண்டல், ஆம்லெட் போலத் தொட்டுக்கொள்ளும் சமாசாரம் என்று நினைத்துவிடாதே. கொதிக்கும் குழம்புச் சட்டி, முழுக்கோழி வறுவல், ஒரு தட்டு நிறைய வதக்கிய கணவாய் என்று இரண்டு மூன்று பேர் பகிர்ந்து தின்னும் அளவில்தான் வரும். அன்ஜு வாங்காமல் பாட்டில் மட்டும் கேட்பவனைக் கடைக்காரர் விரும்பமாட்டார். பாட்டில் 5,000 வொன் அளவு, நம் பணத்துக்கு முந்நூறு ரூபாய்ச் சொச்சம். பெரும்பாலான கடைகளுக்கு வருமானம் தட்டிலிருந்துதான் வரவேண்டும். இறைச்சி சுடும் கடைகளில் இது இன்னும் வெளிப்படை. நீ உட்கார்ந்ததும் கரி பற்றவைத்த அடுப்பு வரும், கம்பி வலை வரும், கீரை இலை, பூண்டு, கிம்ச்சி, நாலைந்து தொடுகறி வரும். தொடுகறிக்குத் தனி விலை இல்லை, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். ஒருவன் வந்தாலும் நால்வர் வந்தாலும் இந்த ஏற்பாட்டின் செலவு பெரிதாக மாறாது. அதனால் பல கடைகளில் குறைந்தது இரண்டு பங்கு இறைச்சி வாங்கவேண்டும் என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள். ஜொன்ஜு ஊரின் மக்கொல்லிக் கடைத்தெருவில் இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போயிருக்கிறது. அங்கே அரிசிக்கள்ளைக் கெண்டியில் வாங்கவேண்டும். ஒரு கெண்டி சொன்னால் மேசை மறையும் அளவுக்குத் தட்டுகள் வந்து இறங்கும். ஒற்றை ஆளுக்குப் பந்தி போட முடியாது என்பதுபோலத்தான் இதுவும்.

குடிக்கும் மரியாதைகளும் இதே கணக்கோடு பொருந்துபவை. பெரியவருக்கு ஊற்றும்போது இரண்டு கையால் பாட்டிலைப் பிடிக்கவேண்டும், அவர் ஊற்றினால் இரண்டு கையால் கிளாஸை ஏந்தவேண்டும், குடிக்கும்போது முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்ளவேண்டும். பாதி காலியான கிளாஸில் மேலே ஊற்றக்கூடாது. தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது அழகில்லை, எதிரே இருப்பவருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்: எல்லா விதிக்கும் எதிரே இன்னொருவர் வேண்டும். எதிரே ஆளில்லாதவன் தனக்குத் தானே ஊற்றினால் எந்த விதியும் உடையாது, ஆகாமல் போகவும் ஆளில்லை. எனவே பயணக் கையேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் இந்த மரியாதைப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வியர்த்துப்போய் உட்காராதே. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் உன்னை ஒருமுறை பார்த்தால், இந்த ஆளுக்குத் துணை பின்னால் வருகிறதா இல்லையா என்று யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள். இரண்டாம் முறை பார்க்க அவருக்கு நேரமிருக்காது. அவர் மேசையில் அடுத்த கிளாஸ் ஊற்றியாகிவிட்டிருக்கும்.

உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் அது இனவெறிதானே என்று நீ கேட்பாய். சில இடங்களில் அதுதான், மழுப்பவேண்டியதில்லை. சில நடனக் கூடங்கள், ஆணும் பெண்ணும் அறிமுகம் தேடி வரும் சில இளைஞர் மதுக்கூடங்கள், வெளிநாட்டவர் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவதுண்டு. எல்லாப் பாகுபாட்டையும் தடைசெய்யும் பொதுச்சட்டம் ஒன்று அந்நாட்டில் இன்னும் நிறைவேறவில்லை, முயற்சிகள் பலமுறை நின்றுபோயின. அப்படிப்பட்ட வாசலில் வாதாடிப் பயனில்லை, உன் பணமும் மாலையும் அங்கே போகவேண்டியதும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, வாசலில் ஆட்கள் காத்திருக்கும் இறைச்சிக் கடையில் ‘ஒருவரா? இல்லை’ என்று கையசைத்தால், அதே கையசைப்பு தனியாக வரும் கொரியனுக்கும் கிடைக்கும். 2025 கோடையில் யோசு என்ற கடற்கரை ஊரில் ஒரு உணவகத்துக்குத் தனியாகப் போன கொரியப் பெண் இரண்டு பங்கு வாங்கியும், சீக்கிரம் சாப்பிட்டு எழுந்திரு என்று கடிந்துகொள்ளப்பட்டார். அந்தக் காணொளி நாடு முழுக்கப் பேச்சானது; தனியாகச் சாப்பிட வருபவரை ஊர் எப்படி நடத்துகிறது என்று நகர நிர்வாகமே கவலைப்பட வேண்டிவந்தது. அவருக்கு மொழியும் தெரியும், முகமும் உள்ளூர் முகம். ஆகவே மறுப்பு வந்தால் முதலில் மணியைப் பார், பிறகு அது எந்த மாதிரிக் கடை என்று பார். ஐந்தரை மணிக்கு, பாதி மேசை காலியாகக் கிடக்கும்போது அதே கடைக்காரர் உன்னை வரவேற்கக்கூடும். அப்போது உன் மேசைக்குப் போட்டி இல்லை.

தனியாகக் குடிப்பது கொரியப் பழக்கமே அல்ல, நீ போய் அந்நியமாகத் துருத்திக்கொண்டு நிற்பாய் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். பாதிதான் உண்மை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சியோலில் நின்றுகொண்டே குடிக்கும் கடைகள் ஏராளம். ஒரு கிண்ணம் மதுவுக்கு ஒரு துண்டு அன்ஜு சேர்த்தே விலை. உழைத்துவிட்டு வருகிறவன் நின்றபடியே குடித்து, தன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கணக்கு ஆளுக்கு, கிண்ணத்துக்கு. மேசைக் கணக்கு ஓங்கியதற்கு வேறு காரணங்களும் இருக்கும். தொழிற்சாலையும் அலுவலகமும் பெருத்து, வேலை முடிந்ததும் துறை முழுக்கச் சேர்ந்து குடிக்கும் ஹ்வேசிக் என்ற வழக்கம் வேரூன்றியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம். இப்போது கணக்கு மறுபடியும் திரும்புகிறது. 2023இல் கொரியக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல், 35 சதவீதத்தைத் தாண்டி, ஒற்றை ஆள் வாழும் வீடுகள். தனியே குடிப்பதற்கு ஹொன்சுல் என்று பெயரே வந்துவிட்டது. 2016இல் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடியது. அதில் வரும் பயிற்சி மைய ஆசிரியர்களும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஆளுக்கொரு காரணத்தோடு தனியே குடிப்பவர்கள். அந்த மக்களுக்காகத் திறந்த கடைகள் உனக்கும் பொருந்தும். அடையாளம் எளிது: சமையல் மேடையை ஒட்டி நீளப் பலகையும் அதன் முன்னே ஒற்றை நாற்காலிகளும் இருக்கும். விலைப்பட்டியலில் சிறு தட்டுகள் இருக்கும். பீரோ ஹைபாலோ கிளாஸ் கணக்கில் கிடைக்கும். வாசலில் நின்றே இந்த மூன்றையும் பார்த்துவிடலாம்.

பலகை வைத்த புதுக் கடைகளைவிடப் பழைய வகைகளில் இரண்டை உனக்குச் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் அவை யாரும் தனியாளை உத்தேசிக்காமலே தனியாளுக்கு வாகாக அமைந்தவை. ஒன்று சியோலின் குவாங்ஜாங் சந்தை. 1905இல் தொடங்கியது. சுவோனிலிருந்து ஒன்றாம் எண் ரயிலில் ஏறினால் மாறாமல் போய் ஜோங்னோ 5கா நிலையத்தில் இறங்கலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். உள்ளே நடைபாதையின் நடுவே கடைகள். ஊறவைத்த பாசிப்பருப்பை எந்திரத்தோடு பூட்டிய கல்லில் அந்த இடத்திலேயே அரைக்கிறார்கள். மாவில் முளைப்பயறும் கிம்ச்சியும் சேர்த்து, ஊத்தப்பத்தைவிடக் கனமாக, எண்ணெய் ததும்பும் தட்டைக்கல்லில் ஊற்றுவார்கள். ஓரம் மொறுமொறுவென்று சிவந்ததும் திருப்பிப்போட்டு, வெட்டி, சோயா சாற்றில் ஊறிய வெங்காயத்தோடு உன் முன்னால் வைப்பார்கள். பிந்தேத்தொக் என்று பெயர். பல கடைகளில் மாவிலோ மேலேயோ பன்றி இறைச்சி இருக்கும், உனக்கு ஆகாதென்றால் முன்னாலேயே கேட்டுக்கொள். உட்காருவது பெஞ்சில், முழங்கை அடுத்தவர் மேல் இடிக்கும். இங்கே மேசை என்ற ஒன்றே கிடையாது, அதனால் மேசைக் கணக்கும் கிடையாது. ஒரு அடை, ஒரு மக்கொல்லி என்றால் அதுவே முழு வியாபாரம். கூட்டம் பெருகிய பிறகு விலைக்கேற்ற அளவு தருவதில்லை என்று 2023 இறுதியில் பெரிய புகார் எழுந்ததும் உண்மை. பலகையில் எழுதிய விலையைக் காட்டிக் கேட்டுவிட்டு உட்கார். இரண்டாவது, வார இறுதியில் தெற்கே போக முடிந்தால், ஜொன்ஜுவின் காமெக். மளிகைக் கடையே சாயங்காலத்தில் பீர்க்கடையாகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து பாட்டில் எடுத்துக்கொள்வாய். மலைக்குளிரில் உறைந்தும் இளகியும் பஞ்சுபோலக் காய்ந்த போலாக் மீன்தான் தின்பண்டம். உப்பிடாதது, ஆகையால் நம் கருவாட்டு வாடையை எதிர்பார்க்காதே. சுத்தியால் தட்டி நிலக்கரி அடுப்பில் வாட்டி, பச்சைமிளகாய் மிதக்கும் சோயாக் குழம்போடு கொடுப்பார்கள். அதே ஊரின் கெண்டிக் கடைகள் ஒற்றை ஆளை வெளியே நிறுத்த, இந்த மளிகைக் கடைகள் உள்ளே விடுகின்றன. ஒரே ஊர், ஒரே மக்கள், விற்கும் அளவு மட்டும் வேறு. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சியோலில் உல்ஜிரோ பகுதியில் குட்டிப் போலாக்கை வாட்டிக்கொடுத்து பீர் ஊற்றும் சந்து ஒன்று இதே குணத்தில் வளர்ந்தது. சுற்றிலும் இருந்த அச்சகம், பட்டறைத் தொழிலாளர்களை நம்பி எழுந்த தெரு. இப்போது கூட்டமாகப் படமெடுக்க வருபவர்களே அதிகம், போனால் சீக்கிரம் போ.

நீ கொண்டுபோகும் பழக்கங்களில் ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது முதல், நம்மூரில் குடி என்பது ஒளிந்து, நின்று, மடமடவென்று முடிக்கும் வேலையாகப் பழகிவிட்டது. கிளாஸைக் கீழே வைக்காமல் குடிப்பவன் அங்கே பாட்டிலைத் தவறாக எடைபோடுவான். சோஜு தண்ணீர்போல இறங்கும். முப்பது சதவீதத்தில் விற்ற காலம் போய், இருபத்தைந்து, இருபத்துமூன்று என்று இறங்கி இப்போது 16 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நம் குவார்ட்டரின் 42.8 சதவீதத்தோடு ஒப்பிட்டு, இதெல்லாம் ஒரு சரக்கா என்று உனக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார். 360 மில்லியில் 16 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 57 மில்லிக்கு மேல். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி. ஆக ஒரு சோஜு பாட்டில் முக்கால் குவார்ட்டர். இரண்டு பாட்டில் குடித்தவன் ஒன்றரை குவார்ட்டர் குடித்தவன், இனிப்புச் சேர்த்ததால் அது அவனுக்குத் தெரியாது. மக்கொல்லி ஆறு சதவீதம்தான், ஆனால் பாட்டில் 750 மில்லி, வயிற்றை அடைத்துக்கொள்ளும். தனியாளுக்கு ஒரு மாலைக்கு இவற்றில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று, போதும். சோஜுவில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்; பாட்டிலுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. எதிரே ஆளிருந்தால் நிறுத்தி நிதானமாகக் குடிக்கப் பேச்சு உதவும். தனியாளுக்கு அந்த வேலையைத் தட்டுதான் செய்யவேண்டும். ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவே எதையாவது மென்றுகொண்டிரு.

தனியாகக் குடிப்பதே குடிநோயின் முதல் படி என்று உன் அம்மா சொல்வாள். அக்கா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இளம் வயதில் தனியே குடிப்பவர்களில் பின்னாளில் சிக்கலில் மாட்டுபவர்கள் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லையென்றே சொல்லிவிட்டது. நீ குடிக்கவே இல்லை என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, நானும் மகிழ்ச்சியடைவேன். ஆனால் நீ குடிக்கிறவன், கேள்வி எங்கே எப்படி என்பதே. அந்த ஆய்வுகள் கவலைப்படுவது முக்கியமாக மனச்சுமையை மறக்க ஒருவன் தனியே குடிப்பதைப் பற்றி. வகுப்பில் திட்டு வாங்கிய நாளிலும், வீட்டு நினைப்பு வந்து தொண்டை அடைக்கிற நாளிலும் கடைப்பக்கம் போகாதே, பேசாமல் அம்மாவுக்குப் போன் போடு. இன்னொன்று, கூட்டத்தில் குடித்தால் காவல் இருக்கும் என்பது அங்கே செல்லாது. ஹ்யொன் ஜின்கொன் 1921இல் எழுதிய சிறுகதைக்குத் தலைப்பே, குடிக்கச்சொல்லி வற்புறுத்தும் சமூகம் என்பது. அலுவலக விருந்தில் கீழ்நிலை ஊழியரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தது தவறு என்று சியோல் உயர்நீதிமன்றம் 2007இல் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று கடை மாறிக்கொண்டே போகும் அந்த ஊர்வலத்தில் நடுவே கழன்றுகொள்வது கடினம். தனியாளை இழுக்க யாருமில்லை. தடுக்கவும் யாருமில்லை என்பது அதன் மறுபக்கம், அதற்காகத்தான் ஒரு பாட்டில் கணக்கைச் சொன்னேன்.

அப்படியானால் கடையெதற்கு, மூலைக்கு மூலை இருக்கும் சிறுகடையில் 2,000 வொன் அளவுக்கு அதே பாட்டில் கிடைக்கிறதே, அறையில் குடித்தால் மேசைத் தொல்லையே இல்லையே என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். பணக் கணக்கில் நீ சொல்வது சரி. எனக்கு அதில் சம்மதமில்லை. கடையின் விலை, தட்டு, மூடும் நேரம், பக்கத்தில் ஆட்கள் இருப்பது என்று நான் இதுவரை தொல்லையாகச் சொன்ன எல்லாமே உன்னை ஒரு பாட்டிலில் நிறுத்தும் தடுப்புகள். அறையில் அவை ஒன்றுமில்லை. அறையில் குடித்தால் நீ கொரியாவில் இருக்கிறாய் என்பதற்கும் அடையாளம் பாட்டிலின் எழுத்து மட்டும்தான்.

கடைசி ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும்: தனியே ஓரத்தில் உட்கார்ந்தால் அந்த மக்களின் குடிப்பண்பாட்டையே தவறவிடுகிறாய், போய் ஒரு மேசையில் சேர்ந்துகொள் என்பார்கள் உன் நண்பர்கள். அந்த மேசைகளில் இருப்பவர்கள் வகுப்புத் தோழர்கள், ஒரே துறை ஊழியர்கள், ஒரே ஊர்க்காரர்கள். யார் யாருக்கு மூத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும், அதன்படிதான் பாட்டில் நகரும். வலியப்போய் உட்காரும் வெளியாள் அந்த வரிசையைக் கலைப்பான். அவர்கள் மரியாதைக்காக உன்னை விருந்தாளியாக்கிவிட்டுத் தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நீ பார்க்க விரும்பியது அதோடு போய்விடும். அவர்களாகக் கூப்பிட்டால் கதை வேறு. பக்கத்துப் பெரியவர் ஒரு கிளாஸ் நீட்டினால் இரண்டு கையால் வாங்கு, முகத்தைச் சற்றுத் திருப்பிக் குடி, பிறகு உன் பாட்டிலிலிருந்து ஒன்று அவருக்கு ஊற்று. அந்த ஒரு பரிமாற்றத்தோடு கடன் தீர்ந்தது. இரண்டாவது நீட்டினால் சிரித்துக்கொண்டே நெஞ்சில் கைவைத்து மறுக்கலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப்போ, வயது குறைந்தவருக்கு ஊற்றினால் கடையை மூடவைப்பார்கள் என்பதால் இளமுகம் கண்டால் கேட்பார்கள். நுழையும்போது ஒற்றை விரலைக் காட்டி ‘ஹொன்ஜாயேயோ’ என்று நீயே முதலில் சொல்லிவிடு. எந்த இருக்கை என்பதை அவர்கள் காட்டட்டும், நான்கு பேர் மேசையில் நீயாகப் போய் உட்காராதே. கூப்பிட மேசையில் பொத்தான் இருக்கும், இல்லாவிட்டால் ‘ஜொகியோ’ என்று சற்று உரக்கச் சொல்லலாம், அங்கே அது மரியாதைக்குறைவு இல்லை. டிப்ஸ் கிடையாது. பணம் வாசலருகே போய்க் கட்டவேண்டும். தெருவோரக் கூடாரக் கடைகளில் கார்டு வாங்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள். கூட்டம் சேரத் தொடங்கியதும், ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தால், எழுந்துவிடு; உன் இருக்கையில் அடுத்த வியாபாரம் நடக்கவேண்டும், அடுத்த முறை அதே முகத்தோடு உன்னை உள்ளே விடுவார்கள். சியோலுக்குப் போன நாளில் பதினொரு மணிக்குமேல் ரயிலை நம்பாதே. டாக்ஸிக்கு இரவு பத்து மணி முதல் கூடுதல் கட்டணம், நகர எல்லை தாண்டினால் இன்னும் கூடுதல், சுவோன் வரைக்கும் வந்தால் நீ குடித்ததைவிட மீட்டர் அதிகமாகக் காட்டும். தெருவோரம் நிற்கும் வாடகை மின்ஸ்கூட்டரைத் தொடாதே. குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கு அங்கே 2019 முதல் எல்லை 0.03 சதவீதம், நம்மூரிலும் அதேதான், ஸ்கூட்டர்காரனுக்கும் அபராதம் உண்டு.

திரும்பி வரும்போது பச்சை பாட்டிலைச் சுமந்துகொண்டு வராதே. 1965இல் தானியத்தைக் காய்ச்சக்கூடாது என்று அரசு தடுத்த பிறகு, கிழங்கிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் தண்ணீர் கலந்து விற்ற சரக்கின் வாரிசு அது. உள்ளூரில் அடையோடு குடிக்க நல்லது, கொண்டுவரத் தகுதியில்லை. அரிசியில் காய்ச்சிய ஆண்டோங் சோஜு 45 சதவீதம், சிறிய பாட்டிலிலும் கிடைக்கும். இரண்டு லிட்டர் வரை சுங்கத்தில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெட்டியில் துணி சுற்றி வை, கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு பாட்டில் போதும் எனக்கு.

அன்புடன்,
உன் மாமா